லேப்டாப்பில் யமுனாவின் வயலின்

எங்கள் பேண்டில் வாசித்த யமுனாவின் வயலினை லேப்டாப்பில் ஏற்றியது நான்தான். ஜார்ஜ் டவுனில் அவள் வீட்டு ஹாலில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொரு சுரத்தையும் மென்மையாக ஒரு தரம், அழுத்தி ஒரு தரம் வாசிக்க வைத்துப் பதிவு செய்தேன். பிறகு என் கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அவள் வயலின்தான் கேட்டது. எல்லாம் இசைக்காக என்று அவளிடம் கதை அளந்தேன். உண்மையில் அவள் எதிரே உட்கார எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பேண்டை நடத்தும் பழனியப்பன் அண்ணனுக்கு முகமெல்லாம் பல். "இதுலயே வயலின் வருதே தம்பி! இனி எல்லாரும் ஒரே வேன்ல போயிடலாம்லா!"

அடுத்த கல்யாணத்துக்கு அவர் யமுனாவைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, கோழை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அவள் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரிக்கு ஷிப்ட் வேலைக்குப் போனாள். என் மெசேஜ்களுக்குப் பதில் போடுவதையும் நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, போன ஞாயிறு மதியம், பிறை டவுனில் ஒரு கல்யாண விருந்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது அவளைப் பார்த்தேன். மூன்றாவது மேசையில் இருந்தாள். அவள் முன்னாலேயே அவள் வயலினை வாசிக்க எனக்கு ஏது மூஞ்சி? கீபோர்டில் பியானோ ஒலியை வைத்துக்கொண்டு வயலினை மட்டும் நிறுத்தினேன். அது வர வேண்டிய இடங்களில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவள் இடத்தை அவளுக்கே விட்டிருக்கிறேன் என்று புரிந்துகொள்வாள், மேடைக்கு வருவாள் என்று ஆசை. அண்ணன் டிரம்ஸிலிருந்து முறைத்தார். முறைக்கட்டும்.

பாட்டு முடிந்ததும் நிஜமாகவே வந்தாள்.

"ஏன் கோகிலன், வயலினை நிறுத்திட்டீங்க?"

"உன் முன்னாடி எப்படி யமுனா? நான் செஞ்சது தப்பு. திரும்ப வந்து வாசிக்கிறியா?"

இடது கையை நீட்டினாள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"ஷிப்டுக்குப் போறப்ப மோட்டார் பைக்ல விழுந்துட்டேன். இனிமே என் வயலின் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. நீங்க இன்னைக்கு வாசிக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன். போடுங்கலா, கேட்கணும்."

போட்டேன். அவள் மேடைக்கு முன்னாலிருந்த மேசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவளையே பார்த்தபடி வாசித்தேன். ஒரே ஒரு தரம் என்னைப் பார்க்கமாட்டாளா என்று ஏக்கமாக இருந்தது. பாட்டு முடிந்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.