பூஜ்யத்திலிருந்து ஒன்றரை வரை

இடுப்பில் அறுவை முடிந்து ஆட்ரி அன்று மத்தியானம் வீடு திரும்புவதாக இருந்தது. பொறுப்புள்ள கணவனாக நான் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர்களில் அடைத்திருந்த காற்றை எல்லாம் திறந்துவிட்டேன். சின்னச் சாவியைப் போட்டுத் திருகினால் உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். நவம்பர்க் குளிர் வந்தால் இங்கிலாந்தில் எங்கள் ஹடர்ஸ்பீல்டில் ஆம்பளைகள் பாதிப்பேர் இந்தச் சாவியும் கையுமாகத்தான் அலைவோம். அந்த உஸ்ஸில் ஒரு சுகம். கழிப்பறை ரேடியேட்டரைக்கூட விடவில்லை.

முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தால், அவற்றுக்கு வெந்நீர் அனுப்பும் பாய்லர் அணைந்து கிடந்தது. காற்றை விட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து பாய்லர் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைச் சமயத்தில் நினைத்துக்கொள்ளும் பழக்கம்தான் கிடையாது. அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினி பெரில் போன் செய்தாள்.

"ரெஜ், ஆஸ்பத்திரிலேர்ந்து கிளம்பிட்டோம். வீடு சூடா இருக்குல்ல?"

"சூடுன்னா... ம்."

"என்ன இழுவை? வீடு சில்லுனு இருந்துச்சுன்னா வாசலோட அக்காவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்கதான், சொல்லிட்டேன்!"

சொன்னால் செய்கிறவள் அவள். ஆட்ரி இல்லாத நாட்களில் நானோ தட்டிலிருக்கும் டோஸ்ட்டிடம் அபிப்பிராயம் கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றினால் முள் எழுந்துவிடும். ஏற்ற ஒரு பின்னல் குழாய் வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைப்பது விதி. போன வருஷம் மெக்கானிக் கழற்றிக் கொடுத்து, "பத்திரமா வைங்க" என்றார். வைத்தேன். எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்த எதுவும் திரும்பக் கிடைத்ததில்லை.

தோட்டத்துக் கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேல் பக்கத்து வீட்டு நசீமின் தலை முளைத்தது.

"என்ன ரெஜ், புதையலா?"

"பாய்லருக்குத் தண்ணி ஏத்துற குழாய்யா. வெள்ளிப் பின்னல், முழ நீளம்."

"அதத்தான போன கிறிஸ்துமஸுக்கு மரத்துல மாட்டியிருந்தீங்க? நல்ல அலங்காரம்னு என் பொண்டாட்டிகூடச் சொன்னாளே!"

பரணிலிருந்த அலங்காரப் பெட்டியில், வெள்ளி ஜரிகைகளுக்கு நடுவே அது நல்ல பிள்ளையாகச் சுருண்டிருந்தது.

பாய்லருக்கு அடியில் குழாயைப் பொருத்தி வால்வைத் திறந்தேன். சத்தமே இல்லை. கூடவே வந்திருந்த நசீம் குனிந்து பார்த்தான்.

"ரெண்டு வால்வு இருக்கே ரெஜ். இன்னொண்ணு யாருக்கு, எனக்கா?"

இரண்டாவதையும் மெல்லத் திறந்தேன். சுர்ரென்று தண்ணீர் பாய்ந்தது. முள் சிலிர்த்து எழுந்தது.

"அர... முக்கால்... ஒண்ணு!" நசீம் கிரிக்கெட் வர்ணனையாளனாகிவிட்டான். "ஒண்ணேகால்... ஒன்றரை! மூடு, மூடு!"

மூடினேன். பொத்தானை அழுத்தினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பாய்லர் 'பொஃப்' என்று பற்றிக்கொண்டது. இரண்டு கிழவர்கள் சமையலறையில் கட்டிப்பிடித்துக் குதித்தோம். என் மூட்டு ஒன்று ஆட்சேபித்தது; கண்டுகொள்ளவில்லை.

ஆட்ரியும் பெரிலும் வரும் வழியில் மருந்துக் கடையில் பெரிய வரிசையாம். அந்த வரிசை நீடூழி வாழ்க! அவர்கள் வந்து சேர்வதற்குள் குழாயைக் கழற்றிவிட்டேன்; ரேடியேட்டர்கள் டிக் டிக்கென்று சோம்பல் முறிக்கத் தொடங்கியிருந்தன.

பெரில் உள்ளே நுழைந்தாள். எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் கையுறையைக் கழற்றி, நடையிலிருந்த ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு" என்றாள், புகார் சொல்வதுபோல.

ஊன்றுசட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த ஆட்ரி தன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "கார்லேர்ந்து என் பையக் கொண்டுவந்துரு பெரில். நான் இங்கதான்." பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்கு ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"வீடு சூடால்ல இருக்கு" என்றேன்.