கிட்டார் கழுத்தில் ஒரு சாக்ஸ்

கடை திறக்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது கரண்ட் போனது. மருந்துக்கடைக்காரி கம்பியில் ஓடிய விரலை நிறுத்தவில்லை. சத்தம் கூட்டும் ஆம்ப் செத்தால் என்ன, கிட்டாரில் கம்பி இருக்கிறதே, வாசித்துக்கொண்டிருந்த வேக ஓட்டத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

அந்த ஓட்டம் எப்படி என்றால் கண்ணுகளா, வலது கை ஒரே ஒரு தட்டுதான் தட்டும். அப்புறம் இடது கையின் நாலு விரலும் கம்பியைக் குத்தியும் கிள்ளியும் சுரத்தை எழுப்பிக்கொண்டே போக வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெய் ஊற்றினாற்போல வழிய வேண்டும். மற்ற கம்பிகள் கூடவே முனகாமலிருக்கக் கழுத்தின் மேல்முனையில் துணி கட்டிக்கொள்வார்கள். இவள் கட்டியிருந்தது புருஷனின் ஒற்றைச் சாக்ஸ். மூன்று வாரமாகத் துவைக்காதது.

கரண்ட் இல்லாத அறையில் கேட்டது எண்ணெய் இல்லை. டக், டக், ஒரு பள்ளம், டக். மறுபடி பள்ளம். மெதுவாக வாசித்துப் பார்த்தாள். நாலு சுரத்தில் மூன்றாவது வரவே இல்லை. வேலைக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுகிறவன் மாதிரி, மோதிர விரல் கம்பியைத் தொட்டதும் எழுந்துவிடுகிறது. இத்தனை நாளும் அந்தப் பள்ளத்தையெல்லாம் காலடியில் எதிரொலி கூட்டும் எக்கோ பெடல்தான் நிரப்பியிருக்கிறது. போன வாரம் அவள் வாசிக்கும் குழுவின் டிரம்ஸ்காரனுக்குப் பதிவு செய்து அனுப்பியதும் அதைத்தான். குழி காலியான மாத்திரை அட்டையை முழு அட்டை என்று விற்றதுபோல இருந்தது அவளுக்கு. சாக்ஸின் நாற்றமும் இப்போதுதான் மூக்கில் ஏறியது.

புருஷன் ஒற்றைக்காலில் சாக்ஸோடு எட்டிப்பார்த்தார். "இதோட ஜோடியப் பாத்தியா?"

"இதோ, கழுத்துல."

"சீ, அதையா கட்டிக்கிட்டு வாசிக்கிற?"

"வாசிக்கறதே சகிக்கல. இது ஒண்ணுதான் குறைச்சல்."

போன் அடித்தது. டிரம்ஸ்காரன், தான் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையிலிருந்து. "அக்கா, ஞாயித்துக்கெழமை பதிவுல தனி வாசிப்பு உங்களுக்குத்தான். கண்ணாடி அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

பதினோரு வருஷமாக அந்தக் குழுவில் தனி வாசிப்பு கண்ணாடி அண்ணனுடையது. அந்த இடத்துக்காகத்தான் இவள் இரண்டு வருஷம் விரல்நுனித் தோலை உரித்துக்கொண்டாள்.

"நான் அனுப்பினத அவரு கேட்டாரா?"

"ரெண்டு தடவ கேட்டாரு. லேசா சிரிச்சாரு."

அந்தச் சிரிப்பு அவளுக்குப் புரிந்தது: பள்ளம் அவர் காதுக்குத் தப்பவில்லை. பல்லி விழுந்தாற்போல உடம்பு கூசியது.

"தம்பி, அதுல நாலுல ஒண்ணு நான் வாசிக்கவே இல்ல."

"எக்கோ போட்டா யாருக்குக்கா தெரியப்போவுது? பேசாம இருங்க."

அவள் போனை வைத்தாள். சாக்ஸை அவிழ்த்துப் புருஷன் பக்கம் எறிந்தாள். கண்ணாடி அண்ணனின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை ஆம்பின் மேல் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தபோதே கரண்ட் வந்து, ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"சொல்லும்மா" என்றது போன்.

"எக்கோ இல்லாம வாசிக்கிறேன், கொஞ்சம் கேளுங்கண்ணே."

மோதிர விரல் கம்பிக்கு மேலே எழும்பி நின்றது.