விட்டுக்கொடுத்த இழுப்பறை

நிபியாவுக்கும் மருமகள் யானினாவுக்கும் பதினோரு வருஷமாக ஒரே சண்டை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, கரண்டி வைக்கும் இழுப்பறைதான். ஜனவரியில் கோடை கொளுத்தும் பைசாந்து ஊரில் மாமியாரும் மருமகளும் முட்டிக்கொள்ள எத்தனையோ காரணம் கிடைக்கும். இவர்கள் இரண்டு பேரும் இந்த மரப்பெட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

நிபியாவின் சட்டப்படி இடது ஓரத்தில் கத்தி, முனை சுவரைப் பார்த்து. அடுத்து முள்கரண்டி, அடுத்து சூப் கரண்டி. மாத்தே என்ற இலைத் தேநீரை உறிஞ்சும் உலோகக் குழல்கள் எல்லாவற்றுக்கும் பின்னால். அவளுடைய அம்மா அப்படித்தான் வைத்தாள், அதற்குமேல் பேச்சுக்கே இடமில்லை. யானினாவோ எது அடிக்கடி வேண்டுமோ அது முதலில் கைக்கு வரவேண்டும் என்பவள்.

"ஒரு நாளைக்கு பத்து தடவை மாத்தே குடிக்கிறோம் அத்தை. குழலைத் தேடி தோள்பட்டை வரைக்கும் கையை விட வேண்டியிருக்கு. இந்த ஜனவரி வெயில்ல எவன் சூப் குடிக்கிறான்?"

"எவனும் குடிக்க வேணாம். அதோட இடம் அது. வெயில் அடிக்குதுன்னு உன் தலையைக் கழட்டிப் பின்னால வெச்சுக்குவியா?"

காலையில் நிபியா அடுக்குவாள். மத்தியானத்துக்குள் யானினா மாற்றியிருப்பாள். நடுவில் மாட்டிக்கொண்டவன் எடிசன், ஒருத்திக்கு மகன், இன்னொருத்திக்குப் புருஷன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுப்பறைக்குள் கையை விடுவான். சூப் கரண்டி வந்தால் அதை வைத்தே மாட்டிறைச்சியை அறுக்கப் பார்ப்பான். சண்டை போட்ட இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆரஞ்சுப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் எடிசனின் இதயம் நின்றுபோனது. வயது நாற்பத்து நாலு. அடக்கம் முடிந்து ஒன்பது நாள் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் நிபியா இழுப்பறையைத் திறந்தாள். குழல்கள் எல்லாம் முன்னால் கிடந்தன.

"யாருடி இதைத் தொட்டது?" என்று கத்தினாள்.

"நான்தான். இப்ப என்ன?" என்று யானினாவும் கத்தினாள்.

அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அதற்குப்பின் சண்டை ஒழுங்காக நடந்தது, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. நிபியா செத்தாலும் வெளியே சொல்லமாட்டாள், ஆனால் காலையில் படுக்கையைவிட்டு எழ அது ஒரு காரணமாக இருந்தது. யானினாவுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. போகிறேன் என்று அவள் கிளம்பினால் பிடித்து வைக்க எந்தக் கயிறும் கிடையாது. அந்தப் பயம் கிழவிக்கு எப்போதும் இருந்தது. மருமகள் முறைத்துக்கொண்டு நிற்கும் வரைக்கும் பயமில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

மார்ச் இருபத்தொன்பது வந்தது. மாதாமாதம் இருபத்தொன்பதாம் தேதி எல்லார் வீட்டிலும் ஞோக்கி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைதான். நிபியா உருளைக்கிழங்கு மாவைப் பிசைந்து, சின்னச் சின்னதாக வெட்டி, முள்கரண்டியின் முதுகில் உருட்டி வரி போடுவதற்காக இழுப்பறையைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

கத்தி இடது ஓரத்தில், முனை சுவரைப் பார்த்து. அடுத்து முள்கரண்டி. அடுத்து சூப் கரண்டி. குழல்கள் பின்னால், துணியால் துடைத்து.

நிபியாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பதினோரு வருஷம்டி! ஒரு கழுதைக்குச் சொல்லியிருந்தா ஒரு வாரத்துல பழகியிருக்கும்!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யானினா திரும்பவில்லை. "நீங்க சொன்னதுதான் சரி அத்தை," என்றாள்.

நிபியாவின் சிரிப்பு அரைகுறையாக நின்றது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் யானினா தட்டுகளை வைத்தாள். வரும் மாதம் அந்த வீட்டில் குறை இல்லாமல் போகவேண்டும் என்று இருபத்தொன்பதாம் தேதி ஒவ்வொரு தட்டுக்கு அடியிலும் ஒரு பண நோட்டு வைப்பது வழக்கம். நிபியாவின் தட்டுக்கு அடியில் நோட்டு இருந்தது. யானினாவின் தட்டுக்கு அடியில் வெறும் மேசை விரிப்பு.

"உன் நோட்டு எங்கடி? மறந்துட்டியா?"

"மறக்கல." யானினா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அடுத்த மாசம் நான் இங்க இருக்க மாட்டேன் அத்தை. மொந்தேவிதேயோவுல தங்கச்சி வேலை பாக்கற சலவைக் கடையில ஒரு இடம் இருக்காம். சனிக்கிழமை பஸ்."

"டிராயருக்காகவா?"

"ஐயோ, அதுக்கா போவாங்க? கதவு திறக்கற சத்தம் கேட்டா அவர்தான்னு திரும்பிப் பாக்கறேன். ரெண்டு வருஷமா திரும்பிப் பாக்கறேன். என்னால முடியல. போறதுக்கு முன்னால உங்களுக்குப் பிடிச்ச மாதிரி அடுக்கிட்டுப் போலாம்னு..."

நிபியா ஞோக்கியை வாயில் போட்டு மென்றாள். தானும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்ப்பவள்தான் என்று சொல்ல நினைத்தாள். "உப்பு கம்மி," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை யானினா பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது நிபியா சமையலறைக்குப் போனாள். இழுப்பறையை மொத்தமாக மேசைமேல் கவிழ்த்தாள். குழல்களை முன்னால் வைத்தாள், சூப் கரண்டிகளைப் பின்னால் தள்ளினாள். மருமகளின் சட்டப்படி எல்லாம் சரியாக வந்தது. அது போதாது என்று பட்டது. கத்திகளை எடுத்து முள்கரண்டிகளோடு கலந்து, முனைகளைக் கை வைக்கும் பக்கமே திருப்பிவிட்டாள். கண் தெரிந்த எவளும் இதைப் பார்த்துச் சும்மா இருக்கமாட்டாள்.

"யானினா! இங்க வா. வந்து பாரு."

யானினா கோட்டு போட்டுக்கொண்டே வந்தாள். வாசலில் டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. இழுப்பறையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்காக நிபியா காத்திருந்தாள்.

"நல்லா இருக்கு அத்தை."

"எது நல்லா இருக்கு? கத்தி முனை கையைப் பாக்குது. கண்ணு தெரியலையா உனக்கு?"

"எப்படி இருந்தாலும் சரிதான். நீங்கதானே எடுக்கப் போறீங்க."

"தப்பா இருக்குன்னு ஒரு தடவை சொல்லேன்டி!" நிபியா இழுப்பறையை அவள் பக்கம் தள்ளினாள். "ஒரே ஒரு தடவை!"

யானினா அவளைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை. டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். அப்போதும் அவள் அதைச் சொல்லவில்லை.