வியாழக்கிழமை ஐந்து மணி நிகழ்ச்சி

1952ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி, வியாழக்கிழமை காலை, மலாயாவில் கோல சிலாங்கூருக்கு அருகிலுள்ள ஆற்றுமுனை ரப்பர்த் தோட்டத்தில், மூன்றாம் லயத்து வீட்டு வரிசையைச் சேர்ந்த பால்வெட்டுக்காரி வேலம்மா இறந்தாள்.

உடலைக் குளிப்பாட்ட மருமகள் நவமணி குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் கொட்டகையின் சுவரில் ரேடியோப் பெட்டி இருந்தது. தோட்டத்துக் கணக்கர் ஆர்தர் கிராணி அதன் மரக்கதவின் பூட்டைத் திறந்து, பின்பக்கம் கையை விட்டு இரண்டு ஒயர்களைக் கழற்றினார். பேட்டரியைத் தூக்கிப் போய் ரப்பர்ப் பால் ஏற்றும் லோரியில் வைத்தார்.

"இன்னிக்கி எப்படியும் பெட்டியத் தொறக்கப் போறதில்ல," என்றார், லோரி ஓட்டும் கார்த்திகேசுவிடம். "சும்மா கெடக்குறதுக்கு டவுனுக்குக் கொண்டுபோயி சார்ஜ் போட்டுட்டு வந்துரு. போன வாரமே சத்தம் முனகலாயிருச்சு."

"ஆறு மணிக்கிக் கேட்டு சாத்துறதுக்குள்ள வந்துருவேன் ஐயா."

லயத்தில் பிணம் கிடக்கும்போது ரேடியோ பாடக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. பெட்டி வந்த மாதத்தில் முதல் வீட்டுக் குழந்தை ஒன்று காய்ச்சலில் இறந்தது. அன்று கிராணி தானாகவே பெட்டியைப் பூட்டினார். அதிலிருந்து அதுதான் வழக்கம்.

நவமணி குடத்தை எடுக்கவில்லை. தண்ணீர் வழிந்து காலை நனைத்தது. கிராணியைக் கூப்பிட வாயெடுத்தாள். வீட்டுக்குள்ளிருந்து ஒப்பாரி ஓங்கியது. லோரி கிளம்பிப் போனது.

காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்காக லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட அதே ஆண்டில்தான் அரசாங்கம் அந்தப் பெட்டியையும் கொடுத்தது. அதில் ஒரே ஒரு திருகு, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். எதைக் கேட்பது என்பதைக் கோலாலம்பூரில் முடிவு செய்தார்கள். முதலில் செய்தி, அடுத்து ரப்பர் விலை. அதன்பின் காட்டிலிருந்து சரணடைந்து வந்த யாராவது ஒருவர் தாம் பட்ட பசியைப் பற்றிப் பேசுவார். அதெல்லாம் முடிந்துதான் பாட்டு. பாட்டு வரும்வரை பெண்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள்.

1952 நடுவில் வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் புதிதாக ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஒலிப்பதிவு வண்டி ஒன்று ஈயச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் போய், அங்கே காவலுக்கு நிற்கும் ஸ்பெசல் கான்ஸ்டபிள்களைத் தங்கள் வீட்டாருக்காகப் பேச வைத்துப் பதிந்து வந்தது. ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடப் பேச்சுகளுக்காக மொத்தத் தோட்டமும் கொட்டகைக்கு வந்தது. யாரோ ஒருவன் தன் தங்கச்சிக்குக் கல்யாணம் கூடியதா என்று கேட்பான். இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள், "கூடியிருக்கும்யா, கவலப்படாத," என்று பெட்டிக்குப் பதில் சொல்வார்கள்.

வேலம்மாவின் மகன் தங்கராஜு ஈப்போப் பக்கம் ஒரு சுரங்கத்தில் காவல் நின்றான். வண்டி தங்களிடமும் வந்துவிட்டதென்றும், நவம்பர் 13 வியாழக்கிழமை தன் பேச்சு வருமென்றும் எழுதியிருந்தான்.

கல்யாணமாகி இரண்டு ஆண்டில் அவனும் நவமணியும் சேர்ந்திருந்தது ஐந்தாறு மாதம்தான் இருக்கும். வீட்டில் அவளை, "ஏ புள்ள," என்றுதான் கூப்பிடுவான். அவள் பெயரை அவன் வாயால் அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. போன லீவு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னான். "ரேடியோவுல பேச விட்டாங்கன்னா ஒம் பேரச் சொல்லுவேன் பாரு. ஊரே கேக்கும்."

அதை வேலம்மா கேட்டுவிட்டாள். "பெத்தவள விட்டுட்டு பொண்டாட்டி பேரயா சொல்லுவ? சொல்லுடா, அந்தப் பெட்டிக்குள்ள கைய விட்டுக் காதத் திருகுறேன்," என்றாள். நெஞ்சு வலி வந்து படுத்த பிறகும் வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தாள். "வியாழக்கெழம வந்துருங்கடி. இவ மூஞ்சியப் பாக்கணும்."

பிற்பகலில் வாய்க்கரிசியை வீட்டிலேயே போட்டார்கள். சுடுகாடு முள்கம்பிக்கு வெளியே இருந்தது. ஒரு பிடி அரிசியைக்கூடக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. சுடுகாட்டில் போட வேண்டியவர்களும் வாசலில் வரிசையாக நின்று போட்டார்கள். மாமனார் காளியண்ணன் போட்டதில் பாதி அரிசி பாயில் சிந்தியது.

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி நவமணியின் தோளை இடித்தாள்.

"அழு புள்ள. மாமியாளப் போட்டுட்டு கொட்டகையவே பாத்துக்கிட்டிருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாளுக?"

"நான் எங்கக்கா பாத்தேன்?"

"எங்கிட்ட நடிக்காத. இன்னிக்கித்தானே அது?"

நவமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். மகனுக்குத் தந்தி போயிருந்தது. அவன் எப்படி விழுந்தடித்து வந்தாலும் மறுநாள் ஆகும் என்பதால், காளியண்ணனின் தம்பி மகன் கொள்ளிக்குடம் எடுத்தான். ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் காரியத்தை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

நாலு எட்டு நடந்த காளியண்ணன் திரும்பி வந்தார். நவமணியின் முன்னால் நின்று, குனிந்தபடி பேசினார்.

"அம்மாடி. அஞ்சு மணிக்கி நீ போயி கேளு. நாஞ் சொன்னேன்னு சொல்லிக் கிராணியத் தொறக்கச் சொல்லு."

"மாமா…"

"அவ கேக்கணும்னு கெடந்தா. வீட்ல யாராச்சும் ஒருத்தரு கேக்கணும்ல."

"சரி மாமா," என்றாள் நவமணி.

கேட்டில் காவலர்கள் பாடையின் அடியில் கையை விட்டுப் பார்த்தார்கள். பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். தப்புச் சத்தம் ரப்பர் மரங்களுக்குள் போய்த் தேய்ந்தது.

வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு நவமணி கொட்டகைக்குப் போனாள். பெட்டியின் கதவு பூட்டாமல் கிடந்தது. உள்ளே ஒயர்கள் இரண்டும் தொங்கின. அவள் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மழை தூறத் தொடங்கியது.

தேடிக்கொண்டு வந்த புஷ்பவள்ளி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏ, பேட்டரி எங்க?"

"காலையிலயே லோரியில போச்சு."

"தெரியுமா ஒனக்கு?"

"தண்ணி புடிச்சிக்கிட்டிருந்தேன். எங்கண்ணு முன்னாலதான் தூக்குனாரு."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"எப்படிக்கா சொல்றது? அத்த உள்ள கெடக்கு. எம்புருஷன் கொரலு வேணும்னு கேக்கவா?"

 புஷ்பவள்ளி தன் முந்தானையை விரித்து அவள் தலையைத் துவட்டினாள்.

ஆண்கள் திரும்பியபோது மழை வலுத்திருந்தது. வீட்டு வாசலில் நவமணி ஒவ்வொருவர் காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள். கேட்டை மூடுகிற நேரத்தில் லோரி வந்தது. கார்த்திகேசு பேட்டரியை இறக்காமலே ஓடி வந்தான்.

"அண்ணே! தங்கராஜு பேசுனான்லா!"

வாசலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"பேட்டரிக்கடைக்குப் பக்கத்துல நம்மாளு சாப்பாட்டுக்கடை. ரேடியோ வச்சிருந்தான். தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நிக்கிறேன், ஆற்றுமுனைத் தோட்டம்னு சத்தம் வருது. தூக்கிவாரிப் போட்டுருச்சு."

"என்ன சொன்னான்?" என்றார் காளியண்ணன்.

"பொஸ்தகத்தப் படிக்கிற மாதிரி பேசுறாண்ணே, நம்ம தங்கராஜு மாதிரியே இல்ல. அம்மா அப்பாவுக்கு வணக்கம், நான் நலமாக இருக்கிறேன்னான். அம்மா மருந்த நேரத்துக்குக் குடிக்கணும்னான்."

 உள்ளே யாரோ ஓவென்று அழுதார்கள்.

"அப்பறம்?"

"அப்பறம் 'என் மனைவி'ன்னு ஆரம்பிச்சான்."

நவமணி செம்போடு குனிந்தபடியே இருந்தாள். செம்பிலிருந்து தண்ணீர் விழவில்லை.

"பேரச் சொன்னானா?" என்று கேட்டார் காளியண்ணன்.

கார்த்திகேசு அவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அதுக்குள்ள பேட்டரிக்கடைக்கார தவுக்கே பேட்டரி ரெடின்னு கத்திட்டான்ணே. கேட்டு மூடிருவானேன்னு ஓடிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "சொல்லியிருப்பான்லா. சொல்லாமயா இருப்பான்?" என்றான்.

காளியண்ணன் காலை நீட்டினார். நவமணி தண்ணீர் ஊற்றினாள்.

தங்கராஜு மறுநாள் சாயங்காலம் வந்து பால் தெளித்துவிட்டு, பதினாறாம் நாளுக்கு லீவு கிடையாது என்று சொல்லித் திரும்பிப் போனான். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நவமணி அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், சொன்னேன் என்றுதான் சொல்வான். அவளுக்கு வேண்டியது அது இல்லை.

பெட்டியைக் காலி பண்ணியது தன் கை என்பது ஆர்தர் கிராணியை உறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பேச்சை இன்னொரு முறை ஒலிபரப்ப முடியுமா என்று கேட்டு வானொலி நிலையத்துக்கு எழுதினார். டிசம்பரில் பதில் வந்தது. ஒலிநாடா போதாமையால், ஒலிபரப்பாகிவிட்ட பேச்சுகளை அழித்து, அதே நாடாவில் அடுத்த வாரப் பேச்சுகளைப் பதிந்துவிடுவதாக எழுதியிருந்தார்கள்.