விடாத பூட்டு

புதியவன் எழுதிய நிரலை மூத்தவர் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் செய்யும் எடைக் கருவிக்குள் இருப்பது ஒரே கம்பி. எடையை உணரும் சென்சாரும் அதில்தான் பேச வேண்டும், எண்ணைக் காட்டும் திரையும் அதில்தான். இரண்டும் ஒன்றாக வாய் திறந்தால் குழப்பம். அதனால் ஒவ்வொன்றையும் இயக்கும் நிரலான டிரைவர், கம்பியைத் தனக்கென்று பூட்டி, வேலை முடிந்ததும் பூட்டை விட்டுவிட வேண்டும். திரையின் டிரைவர் மூத்தவர் எழுதியது. சென்சாருடையது புதியவன் எழுதியது.

அவன் வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை, வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு கிடக்கும் இவருக்கு வயிறு பற்றி எரிந்தது. அவன் சிரித்தால் எரிந்தது. "அண்ணே" என்று பாசமாகக் கூப்பிட்டால் இன்னும் எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் ஓட்டை கண்ணில் பட்டது. சென்சார் பதில் சொல்லாவிட்டால், அவனுடைய டிரைவர் பூட்டை விடாமலே வெளியேறிவிடும். திரை காத்திருக்கும், காத்துக்கொண்டே இருக்கும்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புதல் கொடுத்தார். வாங்க வருகிறவர்கள் முன்னால் மூக்கு உடையட்டும், பயல் ஆட்டம் அடங்கும்.

அடுத்த வாரமே அவர்கள் வந்தார்கள். சென்சார் ஒரு முறை பதில் சொல்லத் தவறியதும், கருவி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அவர்கள் கிளம்பியதும் மேலாளர் குதித்தார்.

"நிரல்ல தப்பு இருக்காது சார்" என்றான் புதியவன், கள்ளமில்லாமல். "அண்ணனே பார்த்து சரின்னாரு."

"அப்போ சால்டரிங்தான் சரியில்ல. யாரு பண்ணது?"

ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் அந்த வேலையைப் பண்ணியது, கீழ்த்தளத்தில் தினக்கூலிக்கு இருக்கும் மூத்தவரின் மனைவி. இது அதுவரை அவருக்கு உறைக்கவே இல்லை, இப்போதுதான் உறைத்தது.

"உங்க வீட்டம்மாதானே? நீங்களே சொல்லுங்க, சால்டரிங்கா, நிரலா?"

நிரல் என்றால், தெரிந்தே ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். ஒப்பந்தம் காற்றில் போகும்.

"சால்டரிங்கா இருக்கலாம் சார்" என்றார்.

அவளை அன்றே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அவள் விளக்கடியில் விரல்களை விரித்து நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கை நடுங்குதாங்க? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். அந்த விரல்களில் ஓர் அசைவும் இல்லை.

"லேசா" என்றார்.

அவள் கையை மடக்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.