செயின் பிளாக்கில் ஒரு சைக்கிள்

முன்னறையின் நடுவே, கூரை உத்திரத்தில் மாட்டிய, பாரம் தூக்கும் செயின் பிளாக்கில், சிவப்பு நிறச் சின்ன சைக்கிள் ஒன்று தொங்கியது. கடைக்காரன் கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பள்ளிக்கூடப் பையோடு கிளம்பிய குருவி, சுவரோடு சுவராக ஒட்டி நடந்து வாசலுக்கு வந்தாள்.

"அழாம போய்ட்டு வந்தா சாயங்காலம் ஒரு சாண் இறங்கும். அழுதா ஒரு சாண் ஏறும். புரியுதா?" என்றார் அப்பா.

குருவி தலையாட்டினாள். உதடு வெளுத்திருந்தது.

அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. மீசை முளைக்கும் முன்பே சம்மட்டி பிடித்த கை. பட்டறையிலும் இதே வித்தைதான். அவசர வேலை வந்தால் ஒரு ஜோடி புது பூட்ஸைக் கொக்கியில் மாட்டி மேலே ஏற்றிவிடுவார். எவன் முதலில் முடிக்கிறானோ அவனுக்கு இறங்கும். ஆட்கள் அவரைத் திட்டிச் சிரித்துக்கொண்டே மாடாய் உழைப்பார்கள். ஆசை காட்டினால் அசையாத ஆளே கிடையாது என்பது அவர் கட்சி.

குருவிக்கு ஒன்பது வயது. கொஞ்ச காலமாகப் பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி, வாந்தி, நடுக்கம். விளையாட்டும் சிரிப்பும் விட்டுப்போயிருந்தன. தையல் கம்பெனியில் கெஞ்சி விடுப்பு வாங்கிய அம்மாதான் அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மனப்பதற்றம், கூடவே மனச்சோர்வு என்று அந்த டாக்டரம்மா சொன்னதை வீட்டில் வந்து சொன்னாள்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்க சில பேருக்குக் கிடைச்சது மனசுல ஒட்டாதாங்க. போயிடுமோங்கிற பயம்தான் ஒட்டுமாம். குடுக்கிறதைச் சின்னதா, அப்பப்பவே குடுக்கணுமாம். குடுத்ததைத் திரும்பப் பிடுங்கக் கூடாதுன்னாங்க."

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். "ஒன்பது வயசுல என்னடி சோர்வு? இரும்பா தூக்குறா? உன் டாக்டர் படிச்சதையெல்லாம் நான் பட்டறையில பாத்தாச்சு, போ."

அம்மா மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். அவரிடம் பேசுவதும் பட்டறைக் கல்லில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

சைக்கிள் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. குருவி அழுகையை விழுங்கக் கற்றுக்கொண்டாள். இப்போதெல்லாம் அழுவதில்லை என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு மேஸ்திரி சங்கிலியை இழுத்தார். விழுங்கிய அழுகை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

சைக்கிள் தரையைத் தொடவேண்டிய ஞாயிற்றுக்கிழமை, பட்டறை ஆட்களை வீட்டுக்கு அழைத்தார். பெருமை தாங்கவில்லை.

"என்ன மேஸ்திரி, எங்களை ஆட்டி வெச்சது பத்தலைன்னு பாப்பாவையுமா?" என்றான் வெல்டர்.

"உன்னைவிட அவ வேலைக்காரிடா. நீயே பாரு."

சங்கிலி கடகடத்தது. சக்கரம் தரையில் உட்கார்ந்தது. கொக்கியைக் கழற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

குருவி சுவரை விட்டு நகரவில்லை.

"வந்து ஏறு தங்கம். உன்னோடதுதான்."

"மேலயே ஏத்திடுங்கப்பா."

"என்னது?"

"மேலயே இருக்கட்டும்ப்பா. கீழ இருந்தா, நான் அழுதா எடுத்துடுவீங்க. நாளைக்கு அழுதுடுவேன்ப்பா. எனக்குத் தெரியும்."

"இத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்குறியா?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். கவுனின் நீளக் கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பல் பதிந்த தடங்கள். பழையவை கறுத்தும் புதியவை சிவந்தும் இருந்தன. அத்தனையும் அவளே கடித்துக்கொண்டவை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கவுன் நனைந்து, காலடியில் ஈரம் பரவியது.

"வர்றோம் மேஸ்திரி" என்றான் வெல்டர், முகத்தைப் பார்க்காமல்.

ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வெறும் கொக்கிதான் தொங்கியது. ஆனாலும் ஒருவன்கூட அதற்கு அடியில் போகவில்லை. சுற்றிக்கொண்டு, சுவரோரமாகவே போனார்கள். பட்டறைப் பழக்கம். மேலே பாரம் தொங்கினால் கீழே நிற்காதே என்பதுதான் புதிதாக வருகிறவனுக்கு அவர் சொல்லும் முதல் வார்த்தை. குருவியும் இத்தனை நாளாக அப்படித்தான் நடந்திருக்கிறாள். யாரும் சொல்லித்தராமலே.

அம்மா துணி எடுத்து வந்தாள். அதை வாங்கி, மண்டிபோட்டு, மேஸ்திரியே தரையைத் துடைத்தார். நிமிர்ந்து மகள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

மறுநாள் மருத்துவரின் அறைக்கு அவரும் போனார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. குருவி அங்கேயும் சுவரை ஒட்டியே நின்றாள்.

"கையில இவ்வளவு காயம். வீட்ல என்ன நடந்துச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அம்மா வாயெடுத்தாள். மேஸ்திரி கையமர்த்தினார்.

"நான் சொல்றேங்க. நான் பண்ணினது. பட்டறையில தொங்குற பாரத்துக்குக் கீழ ஒரு நாயைக்கூட நிக்க விடமாட்டேன். பெத்த பிள்ளையை தினமும் நிக்க வெச்சேன். அதுக்குப் பரிசுன்னு பேரு வேற வெச்சேன். பயந்து கிடக்கிற பிள்ளைக்கு, பறிச்சுடுவேன்னு சொல்லிக் குடுக்கிற எதுவும் தலைக்கு மேல தொங்குற பாரம்தாங்க. படிச்சுப் படிச்சு இவ அம்மா சொன்னா. நான் சிரிச்சேன்."