ஞாயிற்றுக்கிழமை நோட்டு

அந்த வருடத் தவக்காலத்தில் எதை விடுவது என்று யோசிக்கத் தையல்காரருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சாம்பல் புதன் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை எல்லோர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணை இதுல எழுதுங்க. நாப்பது நாள் அதை விட்டுடுங்க. பிடிச்சதா இருக்கணும், அதுதான் முக்கியம்" என்றார். பீடத்துக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே 'டீ' என்று எழுதினார். தையல்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதினார்: 'அக்காவின் போன்.'

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவள். கணவர் போய், ஒரே மகளும் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பிறகு, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். கோயில் பங்கில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். முட்டி வலியால் கோயிலுக்குத் தவிர வேறெதற்கும் படி இறங்க மாட்டாள். அதற்கும் சேர்த்துத் தினமும் மூன்று மணிக்குப் போன் வரும். மாடிக் குழாய் ஒழுகுவது, எதிர்வீட்டு நாய், பாடகர் குழு டீச்சர் சுதி விட்டது, விடிகாலையில் கண்ட கனவு என்று எதையும் விட மாட்டாள். தையல்காரர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மெஷினை ஓட்டியபடியே "ம்... ம்..." என்பார். தாங்க முடியாமல் போனால், ஈ காக்கை இல்லாத கடையைப் பார்த்துக்கொண்டே, "கஸ்டமர் வந்துட்டாங்க அக்கா, வெச்சிடறேன்" என்பார்.

கோயில் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நாப்பது நாள் போன் கிடையாது அக்கா. தவம்."

"பிடிச்சதைத்தானேடா விடச் சொன்னாரு?"

"அதைத்தான் விடறேன்."

நெற்றிச் சாம்பலோடு அக்கா அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரி. உனக்குத் தவம், எனக்குத் தண்டனையா? ஞாயித்துக்கிழமை இந்த நாப்பதுல வராது. வேணும்னா எண்ணிப் பாரு. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் பண்ணுவேன்."

சட்டம் பேசி அக்காவை ஜெயித்தவர் யாரும் இல்லை. ஒப்புக்கொண்டார். அக்காவும் சொன்ன சொல் தவறாமல், மற்ற நாளில் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. தேங்கிக் கிடந்த துணியெல்லாம் தைத்து முடிந்தது. ஞாயிறு மூன்று மணிக்குப் போன் வந்தது. ஒன்றரை மணி நேரம்.

"என்னக்கா, கோயில்ல வாசகம் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசறே?"

"எழுதி வெச்சிருக்கேன்டா. ஒரு வாரத்துச் சமாச்சாரம், மறந்துடாது?"

மூன்றாவது ஞாயிறு அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அக்கா நான்காவது சமாச்சாரத்தைத் தொடங்கியபோது பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "கஸ்டமர் வந்துட்டாங்க அக்கா."

"ஞாயித்துக்கிழமையா?"

கடை என்பது அவர் வீட்டின் முன்னறைதான். ஞாயிறன்று அதன் கதவு பூட்டியிருக்கும். "ஏதோ அவசரமாம்" என்றார்.

அந்தப் பக்கம் நோட்டை மூடும் சத்தம் கேட்டது. "சரிடா, போய்ப் பாரு. மீதியை அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த ஞாயிறு வருவதற்கு ஒரு நாள் முன்னால், சனிக்கிழமை காலையில், அக்காவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. தையல்காரர், தவக்கால வழக்கப்படி கோயில் சொரூபங்களை மூடுவதற்கான ஊதாத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கூப்பிடுகிறாளே என்று எரிச்சலோடுதான் எடுத்தார். பேசியது அக்கா இல்லை. கீழ்வீட்டு நர்ஸ்.

அவர் அங்கே போனபோது அக்காவின் கையில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். வாய் மூடியிருந்தது. அந்த வாயை அப்படி மூடி அவர் பார்த்ததே இல்லை.

"செவ்வாக்கிழமையிலிருந்தே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாங்க" என்றாள் நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வெறும் வாயுன்னுட்டாங்க. நேத்துகூட, தம்பிக்குச் சொல்லவான்னேன். 'வேணாம், அவன் தவத்துல இருக்கான். நாளைக் கழிச்சு ஞாயிறு, நானே சொல்லிக்கறேன்'னாங்க. நானும் விட்டுட்டேன் சார்."

அடக்கத்தில் பங்கே திரண்டிருந்தது. சாம்பல் புதனன்று பக்கத்தில் உட்கார்ந்து 'டீ' என்று எழுதியவர் தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா மேல உயிரையே வெச்சிருந்தும் நோன்புக்காகப் பேச்சை விட்டீங்களே, அது தியாகம்!" இன்னும் நான்கைந்து பேர் அதையே சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் மெஷின் ஊசி விரலில் ஏறி இறங்குவது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம்தான் வாயைத் திறந்தார். "எனக்கு அவ போன் பிடிக்கலை. தொல்லையா இருந்துச்சு. அதனாலதான் எழுதினேன். கடவுளுக்கே பொய் எழுதிப் போட்டிருக்கேன்."

பித்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "அது எனக்குத் தெரியாதாங்க?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

மனைவி அடுத்த பித்தானை எடுத்தாள். அந்தக் கேள்வி அன்றிலிருந்து அவரைச் சாப்பிட விடவில்லை, தைக்க விடவில்லை. தெரியாமல் போயிருந்தால் அவளை ஏமாற்றி அனுப்பிவிட்டோம். தெரிந்திருந்தால் அதைவிட மோசம்.

திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்பும் முன் அக்கா மகள் ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா தலையணைக்குக் கீழ இருந்துச்சு மாமா. உங்களுக்குத்தான்." அட்டையில் 'ஞாயிற்றுக்கிழமை' என்று எழுதியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் பாருங்களேன்" என்றாள் மனைவி. தையல்காரரும் அப்படித்தான் நினைத்து அதை மெஷின் மேல் வைத்தார். ஆனால் மறுநாள் செவ்வாய், சுவர்க்கடிகாரம் மூன்று அடித்தபோது, கை தானாகப் போனுக்குப் போனது. போன் சும்மா கிடந்தது. மெஷினை நிறுத்திவிட்டு நோட்டைப் பிரித்தார்.

முதல் பக்கம் சாம்பல் புதன். 'தம்பிக்குத் தவமாம். என் பேச்சு தாங்கலைன்னு நேரா சொல்லத் தெரியலை, பாவம். சின்ன வயசுல மருந்தைப் பூந்தொட்டியில ஊத்திட்டு, குடிச்சிட்டேன்னு சொன்ன அதே மூஞ்சி. போகட்டும், நாப்பது நாள் அவன் காது ஆறட்டும்.'

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிறு: 'இன்னிக்குக் கஸ்டமர் வந்துட்டாராம். பூட்டின கதவு வழியா எப்படி வந்தாருன்னு கேக்க நெனச்சேன். கேக்கலை. அவனும் களைச்சுப் போயிருப்பான்.'

கடைசிப் பக்கத்தில் அடுத்த ஞாயிறுக்கான பட்டியல் இருந்தது.

'ஒண்ணு. மாடிக் குழாய் தானா சரியாயிடுச்சு.'

"நல்லதாப் போச்சுக்கா" என்றார் தையல்காரர், வாய்விட்டு. "அந்தக் குழாய் ஒழுகாம உனக்குப் பொழுது எப்படிப் போகும்?"

'ரெண்டு. பாடகர் குழு டீச்சர் இந்த வாரம் சுதி விடலை. இதை அற்புதம்னு எழுதி பிஷப்புக்கு அனுப்பணும்.'

"அனுப்பு. நானும் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

'மூணு. கனவுல அப்பா வந்தாரு. உன்னைத்தான் கேட்டாரு. என்னைக் கேக்கவே இல்லை.'

"எப்பவும் அப்படித்தானே அவரு. நீ பக்கத்துலயே இருப்பேன்னு நெனப்பு." பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். எழுத்து அதற்குக் கீழே கோணிப் போயிருந்தது.

'நாலு. மூணு நாளா நெஞ்சைப் பிசையுது. சொன்னா பயந்துடுவான். சொல்லலாமா, வேணாமா?'

தையல்காரர் அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். பாதி தைத்திருந்த ஊதாத் துணி மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. எடுக்கவில்லை.

"சொல்லணும்க்கா. செவ்வாக்கிழமைன்னாலும் சொல்லணும். பாதி ராத்திரின்னாலும் சொல்லணும். என் தவம் கெட்டா கெட்டுட்டுப் போகுது. அது தவமே இல்லக்கா."

வாசலில் நிழல் தட்டியது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, கையில் ஒரு பையோடு தயங்கி நின்றாள். "அண்ணா, இந்த பேன்ட் நீளத்தைக் கொஞ்சம் குறைக்கணும்... யார்கிட்டயோ பேசிட்டிருக்கீங்களா?"

தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். கன்னத்தைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஆமாம்மா. எங்க அக்கா. முடிய நேரமாகும். நாளைக்கு வர்றீங்களா?"

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்றாம் ஞாயிறன்று பாதியில் நின்ற நான்காவது சமாச்சாரம் எதுவென்று, பக்கங்களைத் திருப்பித் தேட ஆரம்பித்தார்.